பியட் ஆலையும் தூரின் தொழிலாளரும்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோரில் ஒரு சாரார் இயந்திரத்தின் வரலாற்றை எழுதுவர். குதிரை வலு இத்தனை, வேகம் இத்தனை, பந்தயத்தில் வென்ற கிண்ணங்கள் இத்தனை என்று அவர்களது கணக்கு விரியும். மற்றொரு சாரார் முதலாளியின் வரலாற்றை எழுதுவர். தூரநோக்குடைய பெருமகன் ஒருவன் தோன்றினான், ஆலை எழுப்பினான், நாடு வளம் பெற்றது என்பது அவர்களது காவியம். இரும்பை வார்த்தவனும் தகட்டை வளைத்தவனும் சில்லைப் பூட்டியவனும் இவ்விரு சாராரது ஏட்டிலும் இடம்பெறுவதில்லை. இத்தாலியின் பியட் நிறுவனத்தைப் பொறுத்தமட்டில் இது சிறு குறையன்று. 1920 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முழுவதும் அவ்வாலையைத் தம் கையில் வைத்திருந்து நடத்தியவர்கள் தொழிலாளர்களே. அந்த ஒரு மாதத்தை விட்டுவிட்டு எழுதப்படும் பியட் வரலாறு, நடுப்பக்கம் கிழிந்த புத்தகமாகவே இருக்கும்.

பியட் என்ற பெயர் நம்மவருக்குப் புதியதன்று. பம்பாய் வீதிகளில் 2023 வரை ஓடிய கறுப்பு மஞ்சள் வாடகைக் கார்களின் மூல வடிவம் பியட் 1100 என்பதே. ஆனால் நாம் இங்கு கூற விரும்புவது அந்தக் காருக்கும் அரை நூற்றாண்டு முந்திய கதை.

அல்ப்ஸ் மலையடிவாரத்தில், போ நதிக்கரையில் அமைந்த தூரின், ஒரு காலத்தில் அரசிருக்கையாக விளங்கிய நகரம். 1861 இல் ஒன்றுபட்ட இத்தாலி பிறந்தபோது அதுவே தலைநகர். நான்கு ஆண்டுகளில் தலைநகர் புளோரன்சுக்குப் பெயர்ந்தது. அரசரும் அமைச்சரும் போனபின் நகரத்தில் எஞ்சியவை மாளிகைகளும் படைக்கலச்சாலைகளும் குதிரை வண்டி கட்டும் பட்டறைகளும் கைத்திறன் மிக்க உலோகத் தொழிலாளருமே. நிலக்கரி வளம் இல்லாத நாடாயினும், மலையருவிகளிலிருந்து மின்சாரம் பெறும் வழி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திறந்தது. அரசிழந்த நகரம் ஆலை நகரமாக மாறுவதற்கு வேண்டியன யாவும் அங்கே காத்திருந்தன. முதல் மட்டுமே குறைவாக இருந்தது.

அம்முதலைக் கொணர்ந்தோர் பிரபுக்களும் நிலவுடைமையாளரும் வங்கியாளருமாவர். 1899 ஆம் ஆண்டு ஜூலை 11 ஆந் திகதி, 8 இலட்சம் லீரா முதலுடன், 4,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டு, அக்கம்பனி பதிவாகியது. 'தூரின் இத்தாலிய மோட்டார் வண்டித் தொழிற்சாலை' என்பதன் முதலெழுத்துகளே பியட் ஆயின. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு 'ஆகுக' என்று பொருள். இறைவன் ஒளி ஆகுக என்றதும் ஒளி ஆயிற்று என்பது வேதாகமத்தின் முதற்பக்கத்துச் செய்தி. பியட்டிலோ, ஆகுக என்றவர் ஒருவர், ஆக்கியவர் வேறொருவர்.

ஏனெனில் கம்பனி பிறக்கும் முன்னரே வண்டி பிறந்திருந்தது. தூரினில் துவிச்சக்கர வண்டி செய்து விற்ற ஜோவன்னி பத்திஸ்தா செயிரானோ என்பவரின் பட்டறையில், பச்சியோலி என்ற எந்திரி சிறிய மோட்டார் வண்டியொன்றை வடிவமைத்தார். அதற்குச் செயிரானோ சூட்டியிருந்த பெயர் 'வெல்லைஸ்'. ஆங்கிலப் பெயரென்றால் சரக்கு விலைபோகும் என்ற எண்ணம் நமது நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று என்பதை இதனால் அறிகிறோம். புதிய கம்பனி அப்பட்டறையையும் அதன் உரிமங்களையும் 30,000 லீராவுக்கு வாங்கிக்கொண்டது. எந்திரி பச்சியோலியும், அங்கே கணக்கெழுதிய வின்சென்சோ லான்சியா என்ற இளைஞரும், பின்னாளில் பந்தய வீரராகப் புகழ்பெற்ற நசாரோவும் பட்டறையோடு சேர்ந்து கைமாறினர். வெல்லைஸ் வண்டியே சிறிது திருத்தம் பெற்று முதலாவது பியட் ஆயிற்று. மூன்றரைக் குதிரை வலு. மணிக்கு 35 கிலோமீற்றர் வேகம். பின்னோக்கிச் செலுத்தும் கியர் அதில் இல்லை. 1900 இல் கொர்சோ டாந்தே வீதியில் திறக்கப்பட்ட ஆலை, அவ்வாண்டில் 24 வண்டிகளை வெளியிட்டது.

பங்காளர் பலராயினும் விரைவில் மேலெழுந்தவர் ஜோவன்னி அக்னெல்லி. 1866 இல் பிறந்த இவர் நிலவுடைமைக் குடும்பத்தவர். குதிரைப் படையில் அதிகாரியாக இருந்து விலகியவர். செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருந்த மோட்டார் வண்டி ஒருநாள் பெருந்தொகைச் சரக்காகும் என்பதைத் தம் கூட்டாளிகளுக்கு முன்னரே அவர் கண்டுகொண்டார். அவரது திறமையை மறுப்பது நமது நோக்கமன்று. எதிரியின் மதிநுட்பத்தைக் குறைத்து மதிப்பிட்டதால் தூரின் தொழிலாளர் எவ்வளவு இழந்தனர் என்பதைப் பின்னர் காண்போம்.

1906 ஆம் ஆண்டு இக்கதையில் ஒரு திருப்பம். அவ்வாண்டு மே மாதத்தில் தூரினின் நெசவாலைப் பெண்கள் நாளொன்றுக்குப் பத்து மணிநேர வேலை என்ற கோரிக்கையுடன் வேலைநிறுத்தஞ் செய்தனர். நகரம் முழுவதும் அவர்களோடு நின்றது. ஜூலையில் தொழிலதிபர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். ஒக்டோபரில், செயிரானோ குடும்பத்தின் இன்னொரு மகனான மத்தேயோ தொடங்கிய 'இத்தாலா' மோட்டார் ஆலையில், உலோகத் தொழிலாளர் சங்கத்துக்கும் நிருவாகத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. இத்தாலியத் தொழிற்சங்க வரலாற்றிலே கூட்டு ஒப்பந்தங்களின் முன்னோடியாக அது கருதப்படுகின்றது. தொழிலாளர் தெரிவுசெய்யும் 'ஆலையகக் குழு' ஒன்றை நிருவாகம் அதில் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு இதே இத்தாலா வண்டி, பீக்கிங்கிலிருந்து பாரிசுக்கு இரண்டு மாதம் ஓடி முதலிடம் பெற்றது. பந்தயத்தை வென்றவராக உலகம் அறிந்தது இளவரசர் போர்கேசேயை. வழியிற் பெரும்பகுதியும் வண்டியை ஓட்டியவர், பழுது பார்த்தவர், அவரது மெக்கானிக் எத்தோரே குவிசார்தி. ஆலையகக் குழுவும் இவ்வாறே பந்தயப் புகழின் நிழலில் மறைந்துபோன ஒன்று. அது பதினான்கு ஆண்டுகளின் பின் என்னவாக வளர்ந்தது என்பதே நமது கதையின் உயிர்நாடி.

அதே 1906 இல் பியட் கம்பனி கலைக்கப்பட்டு, 90 இலட்சம் லீரா முதலுடன் மீள அமைக்கப்பட்டது. பங்குச் சந்தையில் மோட்டார்ப் பங்குகளின் விலை வானளாவியது. 1907 இல் நெருக்கடி வந்தது, விலை சரிந்தது, சிறு சேமிப்பாளர் பலர் அழிந்தனர். 1908 இல் அக்னெல்லி மீதும் அவரது கூட்டாளிகள் மீதும் பங்கு விலையைச் சூழ்ச்சியால் ஏற்றியமை, கணக்கு அறிக்கையைப் பொய்யாகத் தயாரித்தமை ஆகிய குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. பதவி துறந்த அக்னெல்லி பின்னர் திரும்பி வந்தார். 1912 இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரெனத் தீர்த்தது. பங்குக் கம்பனியை இத்தாலியர் அக்காலத்தில் 'பெயரற்ற சங்கம்' என்றே சட்டத்தில் வழங்கினர் என்பது சுவையான செய்தி. இலாபம் பங்கிடும்போது பெயருண்டு. பொறுப்புக் கேட்கும்போது பெயரில்லை.

1911 இல் இத்தாலி லிபியாவைக் கைப்பற்றப் படையெடுத்தது. பாலைநிலத்தில் படைக்குச் சுமை ஏற்றியவை பியட் லொறிகள். அரசாங்கக் கட்டளையின் இனிமையை நிறுவனம் அப்போதே சுவைத்துவிட்டது. 1913 இல் தூரின் மோட்டார்த் தொழிலாளர் மூன்று மாதம் வேலைநிறுத்தஞ் செய்து வேலைநேரக் குறைப்பைப் பெற்றனர். 1915 இல் இத்தாலி உலகப்போரிற் புகுந்தது. லொறி, விமான இயந்திரம், இயந்திரத் துப்பாக்கி என எதைக் கேட்டாலும் பியட் கொடுத்தது. போருக்கு முன் சுமார் 4,000 ஆக இருந்த அதன் தொழிலாளர் தொகை, போர் முடிவில் 40,000 ஆகியது. 1914 இல் 1 கோடியே 70 இலட்சம் லீராவாக இருந்த முதல், 1919 இல் 20 கோடியாகியது. போர்க்காலப் பணவீக்கத்தைக் கழித்து நோக்கினும் இது சாதாரண வளர்ச்சியன்று.

ஆலைக்குள் இப்போது படைச்சட்டம். வேலைநிறுத்தம் குற்றம், வேலையை விட்டு விலகுதலும் குற்றம். கிராமங்களிலிருந்து புதிதாக வந்த இளைஞரும் பெண்களும் பட்டறைகளை நிரப்பினர். 1917 ஓகஸ்டில் நகரத்தில் பாண் இல்லாது போயிற்று. பாணுக்காக எழுந்த குரல் இரண்டொரு நாளில் போருக்கு எதிரான கிளர்ச்சியாக மாறியது. படை இறக்கப்பட்டது, ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். பலர் தண்டனையாகப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர்.

போர் முடிந்தது. 1919 இல் எட்டு மணிநேர வேலைநாள் வென்றெடுக்கப்பட்டது. அவ்வாண்டு மே தினத்தன்று 'புதிய ஒழுங்கு' என்ற சிறு வார இதழொன்று தூரினில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் அந்தோனியோ கிராம்சி. சார்டீனியாத் தீவின் வறுமையிலிருந்து, புலமைப் பரிசிலொன்றின் துணையால் 1911 இல் தூரின் பல்கலைக்கழகம் வந்து மொழியியல் பயின்ற மாணவர் அவர். ரஷ்யாவின் சோவியத்துக்கு நிகரானது நமது நாட்டில் எது என்று அவர் கேட்டார். அதற்கு அவர் கண்ட விடை, ஏற்கெனவே தூரின் ஆலைகளிலிருந்த அந்த ஆலையகக் குழு! சங்கத்தில் சந்தா செலுத்துவோர் மட்டுமன்றி, பட்டறையில் வேலைசெய்யும் ஒவ்வொருவரும் வாக்களித்துத் தம் பட்டறைப் பிரதிநிதியைத் தெரிய வேண்டும். பிரதிநிதிகள் கூடி ஆலைச் சபை ஆக வேண்டும். சம்பளம் கேட்பதோடு நில்லாது உற்பத்தி எவ்வாறு நடைபெறுகின்றது என்பதையே கற்றுக்கொள்ள வேண்டும். 1919 இலையுதிர்காலத்தில் பியட் ஆலைகளில் தொடங்கிய இம்முறை நகரெங்கும் பரவியது.

1920 வசந்தத்தில் ஒரு கடிகாரம் போரைத் தொடக்கிவைத்தது. அரசாங்கம் கோடைகால நேரத்தை அறிவித்து மணியை முன் நகர்த்தியது. பியட் குழுமத்தைச் சேர்ந்த ஓர் ஆலையில், தொழிலாளர் கடிகார முள்ளைப் பழையபடி திருப்பி வைத்தனர். அதற்காக ஆலையகக் குழுவினர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். முள்ளைப் பற்றிய வழக்கு, ஆலையில் அதிகாரம் யாருக்கு என்ற வழக்காக மாறிற்று. ஏப்ரலில் நகரம் முழுவதும், அயற் கிராமங்களின் உழவர் உட்பட, பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஆனால் சோஷலிஸ்டுக் கட்சியின் தலைமையும் தொழிற்சங்கத் தலைமையும் அதனை நாடெங்கும் விரிக்க மறுத்தன. தூரின் தனித்து நின்று தோற்றது.

கோடையில் சம்பள உயர்வுப் பேச்சு முறிந்தது. ஓகஸ்ட் 30 ஆந் திகதி மிலான் நகரத்து ரொமேயோ மோட்டார் ஆலை கதவடைப்புச் செய்தது. கதவை அடைத்தால் உள்ளே இருந்துவிடுங்கள் என்பது உலோகத் தொழிலாளர் சங்கத்தின் விடை. மிலானில் ஏறத்தாழ 300 ஆலைகள் அன்றே தொழிலாளர் வசமாயின. செப்டெம்பர் முதல் நாள் தூரினும் தொடர்ந்தது. சில நாட்களில் நாடெங்கும் சுமார் 5 இலட்சம் பேர் தம் ஆலைகளைப் பிடித்துக்கொண்டனர். புகைபோக்கிகளின் மீது செங்கொடி பறந்தது.

கொர்சோ டாந்தேயிலிருந்த பியட் மத்திய ஆலையின் சபைக்குத் தலைவர் பரோடி என்ற தொழிலாளர். அந்நாட்களிற் பிடிக்கப்பட்ட புகைப்படமொன்று இன்றும் கிடைக்கின்றது. அக்னெல்லியின் அறை, அவரது மேசை. அதைச் சுற்றி ஆலைச் சபையினர் அமர்ந்தும் நின்றும் இருக்கின்றனர். வெற்றிக் களிப்பை அவர்களது முகத்தில் நாம் தேடினால் ஏமாறுவோம். நாளைக்கு எத்தனை வண்டி, உருக்கு எத்தனை நாளுக்குப் போதும் என்ற கவலையே அங்கு தெரிகிறது. எந்திரிகளும் அலுவலக எழுத்தரும் பெரும்பாலும் வெளியேறிவிட்டனர். ஆயினும் வேலை நின்றுவிடவில்லை. உற்பத்தி வழமையிலும் குறைந்தது. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. மதுபானம் ஆலைக்குள் தடுக்கப்பட்டது. செங்காவலர் இரவில் மதிலைக் காத்தனர். மூலப்பொருளை ஓராலை இன்னோராலைக்குக் கொடுத்துதவியது. புகையிரதத் தொழிலாளர் பண்டப்பெட்டிகளை ஆலைக்குள் கொண்டுவந்து சேர்த்தனர். மனைவியரும் பிள்ளைகளும் வாயிலில் உணவு கொண்டுவந்து கொடுத்தனர். முதலாளி இல்லாவிடில் ஆலை இயங்காது என்று நூறாண்டாக ஓதப்பட்டு வந்த பாடம் அந்தச் சில வாரங்களில் பொய்த்துப் போயிற்று.

ஆனால் சம்பள நாள் வந்தபோது பணமில்லை. பணம் வங்கியில் இருந்தது. வங்கி தொழிலாளர் கையில் இல்லை. செய்த வண்டியை விற்கும் சந்தை மதிலுக்கு வெளியே இருந்தது. படையும் வெளியே இருந்தது. இதனை நன்கு உணர்ந்திருந்தவர் முதிய பிரதமர் ஜொலித்தி. படை அனுப்புமாறு தொழிலதிபர்கள் நெருக்கினர். உமது ஆலையைப் பீரங்கியால் தகர்த்துத் தரட்டுமா என்று அவர் அக்னெல்லியைக் கேட்டதாக ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், அவரது கணக்கு தெளிவானது. படையை ஆலைக்குள் அடைத்தால் தெருவைக் காப்பது யார்? தொழிலாளர் ஆலைக்குள் இருக்கும்வரை தெரு அரசாங்கத்தினுடையதே. களைப்படையட்டும் என்று அவர் காத்திருந்தார்.

செப்டெம்பர் 10, 11 ஆந் திகதிகளில் தொழிற்சங்கச் சம்மேளனம் மிலானிற் கூடியது. போராட்டத்தைக் கட்சியின் கையில் ஒப்படைத்துச் சமுதாய மாற்றம்வரை கொண்டுசெல்வதா, தொழிற்சங்கக் கட்டுப்பாடு என்ற கோரிக்கையோடு நிறுத்துவதா என்பது வினா. நிறுத்துவதற்கு 591,245 வாக்குகள், தொடர்வதற்கு 409,569. புரட்சி செய்வதா வேண்டாமா என்பதைக் கையெண்ணித் தீர்மானித்த விந்தை இது. தலைவர்கள் காட்டிக்கொடுத்தனர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுதல் எளிது. நமது மேடைகளிலும் அச்சொல் மலிவானதே. எனினும் வாக்கெடுப்புக்கு முன், தூரின் முதலடி எடுத்துவைக்குமா என்று வினவப்பட்டபோது, தனித்துத் தாக்க முடியாது என்றே தொல்லியாத்தி உள்ளிட்ட தூரின் பிரதிநிதிகளும் விடை கூறினர். ஏப்ரலில் தனித்து விடப்பட்டவர்கள் செப்டெம்பரில் யாரை நம்புவர்? தென் இத்தாலியின் உழவர்களுக்கு, வடக்கின் ஆலைகளில் நடப்பது தம்முடைய போராட்டம் என்பதை எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? படையில் நின்ற சிப்பாய்கள் அவ்வுழவரின் பிள்ளைகள்தானே! தலைமையின் கோழைத்தனம் உண்மை. ஆனால் அது வெளிப்பட்டது செப்டெம்பரில். விதைக்கப்பட்டது அதற்கு முந்திய ஆண்டுகளில் என்பதே நமது துணிபு.

ஜொலித்தியின் நடுத்தீர்ப்பில் சம்பள உயர்வும் விடுமுறையும் கிடைத்தன. தொழிற்சங்கக் கட்டுப்பாட்டுக்குச் சட்டம் வரும் என்று வாக்களிக்கப்பட்டது, அச்சட்டம் வரவேயில்லை. மாத இறுதியில் ஆலைகள் திருப்பி ஒப்படைக்கப்பட்டன.

இதற்குப் பின்னர் நிகழ்ந்ததே அக்னெல்லியின் மதிநுட்பத்துக்குச் சிறந்த சான்று. ஒக்டோபரில், பியட் நிறுவனத்தைத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமாக மாற்றிவிடுவோம் என்று அவர் முன்மொழிந்தார்! சீர்திருத்தவாதிகள் பலர் மகிழ்ந்தனர். தூரினின் கம்யூனிஸ்டுப் பிரிவினர் எதிர்த்தனர். தொழிலாளர் அதனை ஏற்கவில்லை. கிராம்சி 1926 இல் தென்னகப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரையில் இந்நிகழ்ச்சியை நினைவுகூர்ந்து காரணம் கூறுகிறார். கடனுக்கும் கட்டளைக்கும் அரசையும் வங்கியையும் நம்பியிருக்கும் ஒரு கூட்டுறவு, அத்தொழிலாளரை முதலாளித்துவ அரசோடு கட்டிவிடும். நாட்டின் ஏனைய உழைப்பாளரிடமிருந்து பிரித்துவிடும். செப்டெம்பரில் வங்கி எங்கே இருக்கிறது என்பதை அனுபவத்தால் கற்றவர்களை இந்த வலையில் வீழ்த்துவது கடினம். அக்னெல்லி பதவி விலகினார். பங்குதாரர் மீண்டும் அவரையே தெரிந்தெடுத்தனர்.

பின்னர் பழிவாங்கல் தொடங்கிற்று. 1921 வசந்தத்தில் ஆட்குறைப்பும் கதவடைப்பும் வந்தன. பட்டறைப் பிரதிநிதிகள் பொறுக்கி எடுத்து வெளியேற்றப்பட்டனர். ஒரு மாதம் தாங்கிய பின் பசி வென்றது. 1922 ஒக்டோபரில் முசோலினி ஆட்சிக்கு வந்தான். டிசம்பர் 18 ஆந் திகதி தூரினிற் பாசிசக் கும்பல்கள் வேட்டையைத் தொடங்கின. உலோகத் தொழிலாளர் சங்கத்தின் தூரின் செயலாளரான பியெத்ரோ பெரேரோ, லொறியொன்றின் பின்னே கட்டப்பட்டுத் தெருத்தெருவாக இழுத்துக் கொல்லப்பட்டார். நமது வகுப்பறைகளிலே பாசிசத்தின் வருகை முசோலினியின் றோமாபுரிப் பயணம் என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகின்றது. தூரினுக்கு அது வந்த வழி இது.

1923 மார்ச்சில் அக்னெல்லி செனட்டராக்கப்பட்டார். மே மாதத்தில் லிங்கோத்தோ என்ற புதிய ஆலையை அரசர் திறந்துவைத்தார். அரைக் கிலோமீற்றர் நீளமும் ஐந்து மாடியும் கொண்ட கொங்கிறீற்றுக் கட்டடம். கீழ்த்தளத்தில் மூலப்பொருள் புகும். மாடிதோறும் ஏறியேறி வண்டி உருப்பெறும். கூரையின் மீதுள்ள ஓட்டப்பாதையில் பரீட்சிக்கப்படும். உலகத்துக் கட்டடக் கலைஞர்கள் வியந்து போற்றினர். அமெரிக்காவில் போர்ட் ஆலையை அக்னெல்லி நேரிற் பார்த்துப் பெற்ற பாடம் அங்கே கல்லாகி நின்றது. வேலையைச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி வரிசைப்படுத்தும் அம்முறையில் பழைய கைத்திறனாளரின் பேரம்பேசும் வலு குறைந்தது என்பதைக் கலைஞர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

1939 மே மாதம், அதனினும் பெரிதான மிராபியோரி ஆலையைத் திறக்க முசோலினி வந்தான். மிலானில் தான் முன்னர் ஆற்றிய உரை நினைவிருக்கிறதா என்று மேடையிலிருந்து தொழிலாளரைக் கேட்டான். பெரும்பாலானோர் வாய்திறக்கவில்லை. அவன் சினந்து இறங்கிப் போனான். 1943 மார்ச் மாதத் தொடக்கத்தில் போரின் நடுவே அதே மிராபியோரியில் வேலைநிறுத்தம் வெடித்தது. காலை பத்து மணிச் சங்கு அதற்கு அடையாளமென வகுக்கப்பட்டிருந்தது, சங்கு ஊதப்படவில்லை. ஆயினும் வேலைநிறுத்தம் ஆலையாலையாகத் தாவி, மாதம் முடியுமுன் மிலானையும் எட்டியது.

1945 ஏப்ரலில் தூரின் விடுதலை பெற்றதும், விடுதலைக் குழு அக்னெல்லியையும் அவரது நிருவாகி வலெத்தாவையும் பதவியிலிருந்து நீக்கியது. டிசம்பர் 16 ஆந் திகதி அக்னெல்லி இறந்தார். அடுத்த ஆண்டே வலெத்தா திரும்பி வந்து தலைவர் பதவியை ஏற்று, 1966 வரை அதில் அமர்ந்திருந்தார்.